வேர்க்காத பிள்ளைக்கு ஒரு வீடு

தீபன் ஈப்போவில் குளிரை விற்றுப் பிழைப்பவன். புந்தோங்கிலிருந்து காம்பார் வரை எந்தக் கடைச் சுவரில் ஏர்கோன் ஒழுகினாலும் முதலில் அலறுவது அவன் கைப்பேசிதான். நகைக்கடை முதலாளி, பல் வைத்தியர், சாப்பாட்டுக்கடை ஜைனுலாப்தீன் பாய் என்று எல்லோருக்கும் ஒரே பேச்சு: "இன்னைக்கே வா லா தம்பி, சூட்டுல செத்துருவேன் போல இருக்கு."

இவர்களில் ஒருவரும் சாகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். சூட்டினால் நிஜமாகவே சாகக்கூடிய ஒருத்தி அவன் வீட்டில் இருந்தாள். அவன் மகள் ஷர்மினி. ஆறு வயது.

அவள் வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்த பிள்ளை. மற்றவர்களுக்கெல்லாம் ஆண்டவன் உடம்போடு சேர்த்தே ஒரு ஏர்கோனைப் பொருத்தி அனுப்பிவிடுகிறான், பில் கூடக் கேட்பதில்லை. இவளுக்கு மட்டும் பொருத்த மறந்துவிட்டான். திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கவும் வழியில்லை. தலையில் பூனை ரோமம் போல நாலு முடி, வாயில் கூராக இரண்டு பல். மற்றபடி வாயாடி. அப்பனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த வைத்தியம் ஒன்றே ஒன்று: உடம்பில் தண்ணீரைத் தெளி, மேலே காற்றடி. வேர்வை உள்ளேயிருந்து வராவிட்டால் வெளியிலிருந்து ஊற்று. அதனால் அவன் மனைவி சாந்தினியின் இடுப்பில் சாவிக்கொத்து இருக்காது, தண்ணீர் தெளிக்கும் போத்தல்தான் தொங்கும்.

போன ஆண்டு மார்ச்சில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் கரண்டு போனது. நாலு மணி நேரம். அந்த வீடு வரிசை வீடு. இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர். முன்னால் கார் நிறுத்த ஜிங்கு தகரக் கூரை, பின்னால் இருந்த வெற்றிடத்தையும் மூடிச் சமையலறையை நீட்டியிருந்தார்கள். நம் ஊரில் வெற்றிடம் என்று ஒன்றைக் கண்டால் கூரை போடாமல் யாருக்குத் தூக்கம் வருகிறது? காற்று வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. தீபன் பத்து காஜா டவுனில் வேறொருத்தர் வீட்டைக் குளிரவைத்துவிட்டு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு உடம்புச் சூடு நாற்பத்தொன்று டிகிரி தாண்டி, கண் செருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அங்கிருந்த டாக்டர் அவனைத் தனியே அழைத்து, "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அன்றிலிருந்து சாந்தினி பிள்ளையின் கழுத்தில் கை வைத்தபடியேதான் தூங்கினாள். தீபனோ, தான் இத்தனை காலம் விற்றுவந்த சரக்கைத் திருப்பிப் பார்த்தான். ஏர்கோன் என்பது ஒரு கம்பியில் தொங்கும் குளிர். கம்பி அறுந்தால் குளிரும் போச்சு. அவனுக்குக் கரண்டை நம்பாத ஒரு வீடு வேண்டும்.

நிலம் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பால்மரத்தையெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்த நிலம். அப்பா பேரில் வந்தது. அண்ணன் அர்ச்சுனன், "நீ கட்டுடா. எனக்கு டவுன்லயே வீடு இருக்கு" என்று ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தார். அண்ணனுக்குத் தொழில் கெமா. கல்யாணம், கருமாதி, காதுகுத்து எதுவானாலும் அவர் கூடாரம்தான் முதலில் போய் நிற்கும். மேலே துணி இல்லாமல் ஒரு விசேஷம் நடக்கலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

வீட்டை வரைந்தவள் தினேஸ்வரி. ஈப்போவில் ஒரு சலவைக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் கட்டடக்கலைஞர், முப்பது வயது. அவள் ஆபீஸ் ஏர்கோனைப் பார்க்கத்தான் தீபன் முதலில் போனான். அது இரண்டு வருடமாக ஓடவில்லை. அவளும் கவலைப்படவில்லை. எதிரெதிரே இரண்டு சன்னலைத் திறந்துவைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சன்னலுக்கு நடுவில் நின்றபடி தீபன் மகளின் கதை முழுவதையும் சொன்னான். ஒரு வாரத்தில் அவள் படம் போட்டுவிட்டாள்.

"வீட்டுக்கு நடுவுல பன்னெண்டுக்குப் பதினாறு அடி சும்மா விடணும் அண்ணே."

"சும்மாவா?"

"சும்மா. கூரை கிடையாது. முற்றம்."

"பத்துக்குப் பத்து வெச்சுக்கலாமே மிஸ்."

"பத்துக்குப் பத்துன்னா அது கெணறு. பாசார்ல மீனா வாங்குறீங்க, கொறைச்சுக் கேக்க?"

"எங்காளுங்க சாமிகிட்டயே கொறைச்சுத்தான் மிஸ் வேண்டிக்குவோம். பத்துக்குப் பன்னெண்டு?"

கடைசியில் பதினொன்றுக்குப் பதினாலில் படிந்தது. பிறகு அவள் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். "ராத்திரி குளிர்ச்சிய இந்தச் செங்கல் தரையும் தடிச்ச சுவரும் குடிச்சு வெச்சுக்கும். பகல்ல ரூம்ல சேர்ற சூடு முற்றத்து வழியா மேல ஏறிப் போயிரும். போற சூடு சும்மா போகாது, கீழேருந்து காத்த இழுக்கும். வடக்குச் சுவத்துல தரையோட தரையா துவாரம் வெச்சிருக்கேன். செம்பனை நெழல்ல கெடக்குற காத்து அது வழியா உள்ள வரும். மேற்கு வெயில குளியலறையும் ஸ்டோர் ரூமும் வாங்கிக்கும். நாலடி எறவானம். உச்சிப்பொழுதுல கொஞ்ச நேரம் தவிர முற்றத்துல வெயில் விழாது."

தீபன் அந்த அம்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருடம் குழாயும் காற்றாடியும் பூட்டிய கை அவனுக்கு. சட்டென்று பிடிபட்டது. "அப்ப வீடே ஒரு எக்சாஸ்ட் ஃபேன்."

"சுவிட்ச் இல்லாத ஃபேன்" என்றாள் அவள். "இன்னொண்ணும் இருக்கு. நாலு பக்கமும் வீடு, நடுவுல வானம். உங்க பொண்ணு இதுவரைக்கும் பகல்ல வெளிய வெளயாடுனது இல்லன்னு சொன்னீங்க. இது அவளுக்கு உள்ளயே ஒரு வெளி."

அதற்குப் பிறகு தீபன் அடி குறைத்துக் கேட்கவில்லை.

வீடு எழும்பிய எட்டு மாதமும் உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். "என்னாடா, காசு பத்தலயா? நடுவுல கூரையக் காணோம்." "மழை பேஞ்சா குடை பிடிச்சிக்கிட்டுதான் கக்கூஸ் போவியா?" அர்ச்சுனன் மட்டும் கேலி செய்யவில்லை. அண்ணாந்து அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, நல்ல வேட்டியில் கிழிசல் பார்த்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு முடிந்ததும் தீபன் அதை நம்பிவிடவில்லை. முற்றத்துச் சுவரில் ஒன்று, மகளின் அறையில் ஒன்று, வெளியே ஒன்று என்று மூன்று வெப்பமானி மாட்டி ஏழு நாள் சோதித்தான். வெளியே முப்பத்தைந்து ஏறிய நாளில் உள்ளே இருபத்தொன்பதரைக்கு மேல் போகவில்லை. மகளின் அறையில் ஒரு ஏர்கோனையும் பூட்டிவைத்தான். தொழில் புத்தி. ஆனால் அந்த ஏழு நாளும் அதன் சுவிட்சைத் தொடவில்லை. எட்டாம் நாள் சாந்தினியைக் கூட்டிவந்து காட்டினான். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். செங்கல் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அந்த ஏழு நாளும் வீடு காலியாக இருந்தது. அது இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

குடிபோவதென்றால் புதுமனை புகுவிழா இல்லாமலா? மலேசியாவில் முகூர்த்தம் என்பது பாதி பஞ்சாங்கம், பாதி லீவு. பத்துமலை என்கிற தோட்டத்துக் கோயில் பூசாரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒழிவே இல்லை. சனிக்கிழமைதான் கிடைத்தது. தீபன் ஒரே ஒரு விஷயத்தில் அழுத்தமாக நின்றான். விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஆட்களும் போய்விட வேண்டும். "முடிச்சிறலாம் தம்பி" என்றார் பூசாரி. "இருபது பேருக்கு மேல சொல்லாதண்ணே" என்றான் அண்ணனிடம். "சொல்லல" என்றார் அர்ச்சுனன். அவர் சொல்லவில்லைதான். சொல்லாமலே எண்பது பேர் வருகிற மாதிரி வாழ்ந்திருக்கிற மனுஷர்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு, பிள்ளைக்கு ஐஸ் பொதி வைத்துத் தைத்த பனிக்கட்டிச் சட்டையை மாட்டி, வேனில் ஏற்றி வந்து இறங்கியபோது தீபனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முற்றத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தான். வானம் இல்லை. இறவானத்துக்கு இறவானம் இழுத்துக் கட்டிய புது கெமா. அடியில் வெள்ளைப் பளபளப்புத் துணி, ஓரத்தில் மஞ்சள் சுருக்கம், நடுவில் ஒரு சரவிளக்கு.

"வாடகைக்கு விடுறது இல்ல" என்றார் அர்ச்சுனன். நாலு மணியிலிருந்து நின்று கட்டியவர். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒனக்குன்னே புதுசாத் தச்சது. சாமி காரியத்தத் தெறந்த வானத்துக்குக் கீழயா வைப்பாங்க? காக்கா எச்சம் போட்டா என்னா செய்வ?"

அவிழ்க்கச் சொல்ல தீபன் வாயெடுத்தான். ஆனால் நிலத்தை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்த அண்ணன். இருட்டில் ஏணி ஏறிக் கட்டிய கை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, "அழகா இருக்குண்ணே" என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுதான் விலை கூடியது.

ஐந்தரைக்குப் பூசாரி வரவில்லை. ஆறரைக்குப் போன் செய்தால், "இன்னொரு வீட்டுல மாட்டிக்கிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்." எட்டுக்கும் வந்துகொண்டே இருந்தார். ஒன்பது பத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. பத்தரைக்கு மேலதான்."

பத்தரைக்குள் எண்பது பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பாதை குறுகல் என்று கார்களையெல்லாம் கால் மைல் தள்ளிக் கோயில் திடலில் விட்டிருந்தார்கள். அந்தக் குறுகல் பாதையையும் அண்ணனின் கெமா லாரி அடைத்துக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, அரிசி மூட்டை, தண்ணீர்ப் பெட்டி எல்லாவற்றையும் யாரோ ஒழுங்காக வடக்குச் சுவர் ஓரமாக அடுக்கிவைத்தார்கள், காற்றுத் துவாரம் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் அடைபட. ஷர்மினி தன் அறையில் கதவை மூடிக்கொண்டு ஏர்கோன் குளிரில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து பார்த்தான்.

"தீபன், எனக்கு ஒண்ணும் இல்ல. போய் ஒன் வேலையப் பாரு" என்றாள் அவள்.

பத்தே முக்காலுக்கு ஹோமம் ஆரம்பித்தது. நெய் ஊற்ற ஊற்ற நெருப்பு எழும்பியது. புகை மேலே போய்ப் பளபளப்புத் துணியில் முட்டி, வழி தெரியாமல் திரும்பிக் கீழே வந்தது. பக்கத்திலேயே பால் பொங்க கேஸ் அடுப்பு தயாராக இருந்தது. எல்லோருக்கும் முகம் வழிந்தது, சட்டை நனைந்தது. "நல்ல வேக்காடு லா" என்று சிரித்தார்கள். வேர்க்கிறவர்கள் சிரிக்கலாம்.

பதினொன்று ஐந்துக்கு ஒலிபெருக்கி பாதியில் ஊமையானது. சரவிளக்கு அணைந்தது. அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்த நாலு பெரிய காற்றாடியும் இளைத்து இளைத்து நின்றன.

தீபன் ஒரே பாய்ச்சலில் மின்பெட்டிக்கு ஓடினான். அவன் பெட்டியில் கோளாறு இல்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரனும் வாசலில் நின்றான். ஊர் முழுக்கப் போயிருந்தது.

மகளின் அறைக்குள் நுழைந்தபோது ஏர்கோன் வாயை மூடிவிட்டிருந்தது. கதவை மூடிவைத்தால் இருக்கிற குளிர் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று அவனுக்குத் தொழில் சொன்னது. இருபது நிமிஷம். கூடிப்போனால் இருபத்தைந்து. இந்த நேரத்துக்காகத்தான் இந்த வீட்டையே கட்டினான். கதவைத் திறந்தால் முற்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் முற்றத்துச் சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தேழு. வெளியே வெட்டவெளியில் முப்பத்து நாலு.

கரண்டை நம்பாத வீடு, ரோட்டைவிடச் சூடாக இருந்தது.

"அண்ணே" என்று அர்ச்சுனனின் காதருகே குனிந்தான். "கெமாவ அவுக்கணும்."

"இப்பயா? ஹோமம் நடக்குதுடா."

"பாப்பாவுக்கு ஏர்கோன் நின்னுருச்சுண்ணே. சூடு மேல போகணும். இது மூடிக்கிட்டு இருக்கு."

"சூட்டத் தடுக்கத்தான்டா கெமா. முப்பது வருசமா போடுறேன், எனக்குத் தெரியாதா? அவுத்தா உச்சி வெயில் நேரா உள்ள எறங்கும். பத்து நிமிசம் பொறு. பூர்ணாகுதி ஆயிரட்டும்."

அப்போதுதான் தினேஸ்வரி கோயில் திடலிலிருந்து நடந்து வந்து சேர்ந்தாள், கையில் ஒரு பூந்தொட்டியோடு. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தவள் அந்தத் தொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டாள். "யாரு இத மூடுனது?"

"நான்தாம்மா. ஏன்?" என்றார் அர்ச்சுனன்.

"ஐயா, இதுதான் இந்த வீட்டுக்கு மூக்கு. மூக்கப் பொத்திட்டு உள்ள நெருப்பு வெச்சிருக்கீங்க."

"படிச்ச பிள்ள நீ. பெரியவங்க காரியத்துல இப்படியா பேசுறது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பூசாரி மந்திரத்தை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கூட்டினார்.

தினேஸ்வரி தீபனைப் பார்த்தாள். அவன் முகத்திலேயே விஷயம் இருந்தது. "என் கார்ல ஏர்கோன் இருக்கு. கொண்டுவாரேன்." திரும்பி ஓடினாள். தீபனின் வேன் வாசலிலேயேதான் நின்றது. அதில் ஏர்கோன் கெட்டு ஒரு வருடம்; காலையிலிருந்து வெயிலில் நின்று உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஊருக்கெல்லாம் குளிர் பூட்டியவனுக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரமில்லை.

ஆள் மாற்றி ஆள் கதவைத் திறந்ததில் அறையின் குளிர் அவன் கணக்குக்கு முன்பே போயிருந்தது. அறைக்குள் சாந்தினி பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தண்ணீர் தெளித்து, தாம்பாளத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். தீபன் காய்ச்சல் வெப்பமானியைப் பிள்ளையின் காதில் வைத்தான். முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. தெளித்த தண்ணீர் காயாமல் தோலிலேயே முத்து முத்தாக நின்றது. எண்பது பேரின் வேர்வையும் மூச்சும் ஏறிய காற்று. அது இன்னும் எங்கே ஈரத்தை வாங்கும்? தண்ணீர் காய்ந்தால்தான் குளிர். காயாத தண்ணீர் வெறும் தண்ணீர்.

பனிக்கட்டிச் சட்டை எப்போதோ உருகிவிட்டது. பானப் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை அள்ளிவந்து அக்குளிலும் கழுத்திலும் வைத்தான். பிள்ளை கத்தினாள். "வேணாம் தீபன், வேணாம்." அவள் கத்தியது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு கை ஐஸ். அதுவும் கரைந்தது.

பத்து நிமிஷம் ஆனது. பூர்ணாகுதி ஆகவில்லை. முப்பத்தொன்பது புள்ளி எட்டு. தினேஸ்வரியிடமிருந்து போன். "அண்ணே, கார எடுத்துட்டேன், லாரி வழியில நிக்குது. ஓட்டுற ஆள் எங்க? சாவி யார்கிட்ட?"

ஓட்டுகிற ஆள் திடல் பக்கம் பசியாறப் போயிருந்தான். சாவி அவன் பையில்.

"தூக்கிக்கிட்டு நடந்துரலாமா?" என்றாள் சாந்தினி. லாரி நிற்கும் இடம் வரை முந்நூறு கெஜம், உச்சி வெயில், தார் பாதை. போன தடவை ஆம்புலன்சுக்கு வாசலில் நின்ற ஐந்து நிமிஷம் என்ன செய்தது என்று இருவருக்கும் தெரியும்.

"ஷர்மினி" என்றான் தீபன். "ஷர்மினி, அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடு."

அவள் கூப்பிடவில்லை. கண் பாதி திறந்திருந்தது. கத்துவதையும் நிறுத்திவிட்டாள். நாற்பது புள்ளி ஒன்று.

தீபன் வெளியே வந்தான். குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். மணை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், தீர்த்தம் கொண்டுவருகிறான் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள். அவன் நேரே போய் அந்த வாளியை ஹோம குண்டத்தில் கவிழ்த்தான்.

புஸ்ஸென்று எழுந்த சாம்பலும் ஆவியும் பூசாரியின் மார்பில் அடித்தன. ஒரு பெண் வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, அக்கினிய அணைச்சிட்டானே! வீடு புகுற அன்னைக்கி அக்கினிய அணைச்சிட்டானே!"

"வெளிய போங்க" என்றான் தீபன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "எல்லாரும் வெளிய போங்க. பந்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போங்க!"

"டேய்!" அர்ச்சுனன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். "என்னாடா செய்யிற? பைத்தியமா ஒனக்கு?"

"ஆமாண்ணே. அவங்கள வெளிய கொண்டு போ. துணி விழப்போவுது."

ஏணி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் ஏறுவது அவனுக்கு நடப்பது மாதிரி. முடிச்சுகளை அவிழ்க்க நேரமில்லை. அண்ணனின் முடிச்சு யானை இழுத்தாலும் அவிழாது. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துத் துணியிலேயே குத்தினான். புதுத்துணி கிழிவதற்கு ஒரு சத்தம் உண்டு. கீழே நின்ற அர்ச்சுனன் அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, கூட்டத்தை நோக்கிக் கையை விரித்து, "எந்திரிங்க, எந்திரிங்க, வெளிய போலாம்" என்று தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று பக்கம் அறுந்ததும் கெமா சரவிளக்கோடு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. ஒரு பட்டை வெயில் முற்றத்தின் மேற்கு மூலையில் இறங்கியது. அணைந்த குண்டத்திலிருந்து வந்த புகை இதுவரை தலைமட்டத்தில் கிடந்தது, இப்போது அசைந்தது, சுருண்டது, பிறகு நூல் பிடித்தது போல நேராக மேலே ஏறிப் போனது. தீபன் இறங்கி ஓடி அரிசி மூட்டைகளையும் நாற்காலிகளையும் வடக்குச் சுவரிலிருந்து காலால் உதைத்துத் தள்ளினான். துவாரத்தில் கையை வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. கையை எடுக்காமல் மண்டியிட்டிருந்தான். அவன் எந்தச் சாமிக்கு முன்னாலும் அப்படி இருந்ததில்லை. அப்புறம், விரல்களுக்கு நடுவே செம்பனை நிழலின் மண்வாசனையோடு மெல்லிசாக ஒரு காற்று நுழைந்தது.

நிழல் பக்கத்துத் தரையில் தண்ணீரை ஊற்றி, துவாரத்துக்கு நேரே ஈரச்செங்கல்மேல் பிள்ளையைக் கிடத்தினார்கள். சாந்தினி தெளித்தாள். தீபன் தாம்பாளத்தால் வீசினான். தோலில் நின்ற நீர் முத்துகள் ஒவ்வொன்றாக மறைவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெளி, வீசு. தெளி, வீசு. நாற்பது. திரும்பவும் நாற்பது. அந்த இரண்டாவது நாற்பதில் சாந்தினி, "பிள்ளைய என்கிட்டேருந்து வாங்கிக்கிட்டுப் போயிராத தாயே, என்னைய எடுத்துக்க" என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். முப்பத்தொன்பது புள்ளி ஏழு. முப்பத்தொன்பது புள்ளி மூன்று.

வெளியே லாரி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தினேஸ்வரியின் கார் வாசலில் வந்து நின்றது. அவள் உள்ளே வராமல் வாசலிலிருந்தே கேட்டாள். "குளிர வெச்சுட்டேன். தூக்கிட்டு வாரீங்களா?"

தீபன் பார்த்தான். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. இறங்குகிறது. இறங்குகிறதை அசைக்க அவனுக்குப் பயமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் எறங்கட்டும் மிஸ். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். இஞ்சின நிறுத்தாதீங்க."

"தீபன்" என்றாள் ஷர்மினி. நாக்கு தடித்திருந்தது. "முதுகு குளிருது."

சாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை நின்ற பிறகு அவள் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். கரைந்த சாம்பல், கிழிந்த துணி, தண்ணீரில் மிதக்கும் பூ, பற்றவைக்காத அடுப்பில் பால்சட்டி. அவள் முகம் மாறியது.

"பால் பொங்கல" என்றாள்.

"விடு."

"அக்கினிய அணைச்சாச்சு, பாலும் பொங்கல. இந்த வீட்டுல எம் பிள்ளைய எப்படிங்க வெச்சுக்கிறது? ஒரு அஞ்சு நிமிசம் அடுப்பப் பத்த வெச்சிக்கிறேங்க. ஒரு பொங்கு. அவ்வளவுதான்."

"அடுப்பா? இங்கயா? பைத்தியம் பிடிச்சிருச்சா ஒனக்கு? ஒரு தீக்குச்சி கெழிக்கக் கூடாது."

"நீங்க சூட்டப் பாத்து பயப்படுறீங்க. நான் இதப் பாத்து பயப்படுறேன்." அவள் கை கூப்பினாள், புருஷனைப் பார்த்துத்தான். "ஒங்க பயத்துக்கு எல்லாத்தையும் விட்டேன். ஒங்க அண்ணன விட்டேன், சனத்த விட்டேன். எம் பயத்துக்கு இந்த ஒண்ணாவது குடுங்க."

தீபன் விசிறிக்கொண்டே இருந்தான். இப்படிப்பட்ட பேரத்தில் அவனுக்குப் பழக்கமில்லை. இரண்டு பக்கமும் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிற பேரம்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அர்ச்சுனன். வெளியே நின்று எவ்வளவு கேட்டாரோ தெரியாது. சட்டையில் சாம்பல், நெற்றியில் சரிந்த திருநீறு. வாசலுக்கு உள்ளே ஒரு காலை மட்டும் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல், "அந்த அடுப்பையும் சட்டியையும் வெளிய குடு" என்றார்.

சாந்தினி எடுத்துப் போய்க் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், பாதை ஓரத்தில், அவர் குந்தி உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைப்பது கேட்டது. சனம் எல்லாம் திடலுக்குப் போய்விட்டிருந்தது. சாந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"வெளிய பொங்குனா கணக்குல வருமா மாமா?"

"வரும்மா" என்றார் அர்ச்சுனன். "வரலன்னா சாமிங்ககிட்ட நான் பேசிக்கிறேன். முப்பது வருசமா அவங்க கல்யாணத்துக்கெல்லாம் கெமா போட்டிருக்கேன். எனக்கு இதக்கூடச் செய்ய மாட்டாங்களா?"

பால் பொங்கியபோது குலவை போட யாருமில்லை. சர்ரென்று வழிந்து கேஸ் அடுப்பின் தீயை அது தானே அணைத்தது. சாந்தினி அங்கிருந்தே கும்பிட்டாள்.

அர்ச்சுனன் சூடான சட்டியைத் துண்டில் பிடித்தபடி வாசற்படி வரை வந்தார். அங்கேயே நின்றார். கிழிந்து கிடந்த தன் கெமாவை ஒரு தடவை பார்த்தார். ஈரத்தரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். தம்பி வீட்டுக்குள் நுழைய அவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"நான் உள்ள வரலாமாடா?"

தீபன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெப்பமானியை மகளின் காதில் வைத்து, பதிலை அதுவே சொல்லட்டும் என்பது போல, அது கூவுவதற்காகக் காத்திருந்தான்.